ஒரு மணி நேரம் தீர்ந்ததும் மேக் முகவரியை மாற்றினால் தப்பா?

ஜூன் 8, 2025, மாலை 6:20 (வந்த கேள்வி)

"அண்ணா, தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் படிப்பகத்தில் உட்கார்ந்து குரூப் 2க்குப் படிக்கிறேன். மாசம் எண்ணூறு ரூபாய். வைஃபை ஒரு கருவிக்கு நாளைக்கு ஒரு மணி நேரம்தான், அப்புறம் தானாக நின்றுவிடும். லேப்டாப்பின் அடையாள எண்ணான மேக் முகவரியை மாற்றினால் புதுக் கருவி என்று நினைத்து இன்னொரு மணி நேரம் தருகிறது. மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். பக்கத்து நாற்காலிப் பெண் இது திருட்டு என்கிறாள். இப்போதெல்லாம் போனே தானாக மேக்கை மாற்றிக்கொள்கிறது, அதை யாரும் திருட்டு என்பதில்லை. நான் செய்தால் மட்டும் எப்படித் தப்பாகும்? யாருடைய பாஸ்வேர்டையும் நான் எடுக்கவில்லை."

ஜூன் 8, இரவு 9:05

தப்புதான். சின்னத் தப்பு, ஆனால் தப்பு.

"கருவிக்கு ஒரு மணி நேரம்" என்று படிப்பகத்துக்காரர் எழுதி ஒட்டியிருப்பது ஆளுக்கு ஒரு மணி நேரம் என்ற அர்த்தத்தில்தான். அது உங்களுக்கும் தெரியும். தெரியாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. நான் இந்த வேலையில் சோறு தின்கிறவன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கடை, விடுதி, படிப்பகம் என்று வைஃபை போட்டுக் கொடுக்கிறேன். நேரம் எண்ணுகிற அந்தப் பெட்டிக்கு உங்கள் முகம் தெரியாது. உங்கள் லேப்டாப் சொல்லும் 12 எழுத்து முகவரி ஒன்றுதான் தெரியும். அதை மாற்றிச் சொன்னால் நம்பிவிடும். பெட்டி ஏமாந்தால் பெட்டிக்கு ஒன்றும் வலிக்காது. அதற்குப் பின்னால் மாசாமாசம் பில் கட்டுகிறவர் ஒருத்தர் இருக்கிறாரே.

ஜூன் 8, இரவு 9:50

கொஞ்சம் சுருக்கென்று எழுதிவிட்டேன். "போனே மாற்றுகிறதே" என்று கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை.

மேக் முகவரி 48 பிட். முதல் பாதி எந்தக் கம்பெனி செய்தது என்று காட்டும், அதை மின்னணுத் தரங்களை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு கம்பெனிகளுக்கு ஒதுக்கித் தருகிறது. மறு பாதியைக் கம்பெனியே போட்டுக்கொள்ளும். கருவி செத்துக் காயலான் கடைக்குப் போகும்வரை அதே எண்தான். வைஃபைக்கு எவ்வளவு கெட்டியான பாஸ்வேர்ட் போட்டாலும் இந்த முகவரி மட்டும் மூடாமல்தான் காற்றில் போகும். போன் பையில் சும்மா கிடந்தாலும் "பக்கத்தில் தெரிந்த வைஃபை ஏதாவது இருக்கா" என்று அவ்வப்போது கூவும். தெருவில் காது வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அது போதும்.

அப்படிக் காது வைத்தும் இருக்கிறார்கள். 2013இல் லண்டனின் நிதி வட்டாரத்தில் விளம்பரத் திரை பொருத்திய குப்பைத்தொட்டிகள், கடந்துபோகிறவர்களின் போன் முகவரிகளைக் குறித்து வைத்துக்கொண்டிருந்தன. செய்தி வெளியானதும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. அடுத்த வருஷம் ஐஓஎஸ் 8 வந்தபோது, வைஃபை தேடும் நேரத்தில் பொய் முகவரி சொல்ல ஐபோனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2019இல் ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐஓஎஸ் 14. இவை இரண்டும் இணையும்போதுகூடச் சொந்த முகவரியைச் சொல்வதில்லை.

ஆக, மறைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. குப்பைத்தொட்டிக்கு என் பெயர் எதற்கு?

ஜூன் 8, இரவு 10:15

தூங்கப் போவதற்கு முன்னால் ஒன்று. போன் மாற்றிக்கொண்டே இருக்கிறது என்பது பாதி உண்மைதான். பெரும்பாலான போன்கள் ஒரு வைஃபைக்கு ஒரு புனைமுகவரி வைத்துக்கொள்ளும். உங்கள் படிப்பகத்துக்கு இன்று சொன்ன அதே முகவரியைத்தான் நாளைக்கும் சொல்லும். எதிர் டீக்கடைக்கு வேறொன்று. தினம் மாற்றும் வசதி விண்டோஸில் உண்டு, ஐஓஎஸ் 18இல் சுழற்சி முறையும் வந்திருக்கிறது, ஆனால் மணிக்கொரு தடவை எந்தப் போனும் மாற்றுவதில்லை.

என் அப்பாவைத் துறைமுகத்தில் எல்லோரும் "கிரேன்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கிரேன் ஓட்டியதே இல்லை, உயரம் அப்படி. தெருவில் வேறு பெயர், மாமியார் வீட்டில் வேறு பெயர். ரேஷன் கார்டில் இருக்கிற பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் பேட்டையில் வீடு கண்டுபிடிக்க முடியாது. போன் செய்வது இந்த மாதிரி. நீங்கள் செய்வது ஒரே அண்ணாச்சி கடையில் காலையில் ஒரு பெயரிலும் சாயங்காலம் இன்னொரு பெயரிலும் கடன் எழுதுவது மாதிரி.

ஜூன் 9, காலை 7:30

ராத்திரி படுத்தும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். குடம் ஞாபகம் வந்துவிட்டது.

2003, 2004இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். எங்கள் தெருவுக்கு மெட்ரோ வாட்டர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், வீட்டுக்கு எட்டுக் குடம் என்று தெருவே பேசி வைத்த கணக்கு. லாரி ஏழு மணிக்கு வரும் என்றால் நாலு மணிக்கே குடங்கள் வரிசையில் நிற்கும். ஆட்கள் உள்ளே படுத்திருப்பார்கள், குடம்தான் நிற்கும். எல்லாம் அதே பச்சை, அதே ஆரஞ்சு பிளாஸ்டிக் குடம் என்பதால் ஆளாளுக்கு ஓர் அடையாளம். எதிர் வீட்டில் நெயில் பாலிஷ் பொட்டு. மூலை வீட்டில் சைக்கிள் டியூபை வெட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். அம்மா ஒரு ஆணியை இடுக்கியில் பிடித்து ஸ்டவ்வில் பழுக்கக் காய்ச்சி, குடத்தின் கழுத்துக்குக் கீழே மூன்று கோடு இழுப்பாங்க. பிளாஸ்டிக் சுருண்டு சுருண்டு வரும். அந்த நாற்றம் சாயங்காலம்வரை வீட்டை விட்டுப் போகாது.

அப்போது வரிசையில் அடையாளமே இல்லாத இரண்டு குடம் தினமும் நிற்க ஆரம்பித்தது. யாருடையது என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும். மூன்றாவது வீட்டில் மாமியார்க்கிழவி படுத்த படுக்கை, துணி அலசி மாளாது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டாங்க. பத்து நாள் கழித்து வேறொரு வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா, தங்கள் குடத்தில் மூன்று கோடு இழுத்துவிட்டார்கள். அன்றைக்கு நாங்கள் ஆறாவது குடத்தைத் தூக்கும்போது லாரிக்காரப் பையன், "உங்க வீட்டுக்கு எட்டு முடிஞ்சுது, நவுருங்க" என்றான். அம்மா அன்றைக்குப் பேசிய பேச்சை அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

அந்த இரண்டு கோபத்துக்கும் இருந்த இடைவெளி எனக்கு இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது. தங்கச்சி, உங்களுடையது அடையாளமில்லாத குடம். நேற்று நான் கொடுத்தது கொஞ்சம் அதிக மார்க். தப்பு என்பதை முணுமுணுப்பு என்று திருத்திக்கொள்கிறேன்.

ஜூன் 9, மதியம் 1:10

"தண்ணீரையும் வைஃபையையும் ஒப்பிடாதீர்கள், வைஃபை ஊற்ற ஊற்றக் குறையாது" என்று எழுதியிருக்கிறார் ஒருத்தர். பதினெட்டு நாற்காலி போட்ட ஹாலில் நாலு பேர் ஒரே நேரத்தில் வகுப்பு வீடியோ பார்க்கும்போது மீதிப் பதினாலு பேர் முகத்தைப் பார்த்திருந்தால் அப்படி எழுதமாட்டார்.

இன்னொருத்தருக்குப் பயம்: நாம் பார்க்கிற இணையத்தளங்களுக்கெல்லாம் நம் மேக் முகவரி போய்விடுமா? போகாது. அது ரூட்டர்வரைதான். அதைத் தாண்டினால் ரூட்டரின் பெயரில்தான் பயணம்.

தளங்களுக்குப் போகிற அடையாளம் வேறு, அதில் நடக்கிற கூத்து பெரிய கூத்து. உங்கள் பிரவுசர் எதுவாக இருந்தாலும் தளத்தின் கதவைத் தட்டும்போது முதலில் சொல்வது "மொசில்லா/5.0". குரோமும் சொல்லும், சஃபாரியும் சொல்லும். தொண்ணூறுகளில் நெட்ஸ்கேப்புக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் காட்டிய தளங்களுக்குள் நுழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போட்ட வேஷம் அது. மொசில்லா என்பது நெட்ஸ்கேப்பின் செல்லப்பெயர். பின்னால் வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்ல ஆரம்பித்தால் அது வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிடுகிறது.

ஜூன் 11, இரவு 11:40

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஊருக்கு நியாயம் சொல்லிவிட்டு இதை மூடி வைப்பது சரியில்லை.

2009. எனக்கு 23 வயது. பர்மா பஜாரில் ஒரு கடையில் சம்பளத்துக்கு இருந்தேன், பீச் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம். சைனா போன் கொடிகட்டிப் பறந்த காலம். இரண்டு சிம், நாலு ஸ்பீக்கர், இழுத்தால் நீளும் டிவி ஏரியல். ஆட்டோ ஹாரன் மாதிரி அலறும். அவற்றில் பலதுக்கும் ஐஎம்இஐ, அதாவது போனுக்குப் போன் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண், கிடையாது. இருந்தாலும் வெறும் சைபராக இருக்கும், அல்லது ஒரு பெட்டி முழுக்க ஒரே எண்ணாக இருக்கும். பாதுகாப்புக் காரணம் சொல்லி, சரியான ஐஎம்இஐ இல்லாத போன்களுக்கு அந்த நவம்பர் கடைசியோடு சேவையை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. முறைப்படி உண்மையான எண் பதித்துக் கொடுக்கும் மையங்களும் இருந்தன, சுமார் 200 ரூபாய். எங்கள் கடையில் நூறு.

எண் எங்கிருந்து வரும்? வாய்க்கு வந்த எண்ணைப் போட முடியாது. ஐஎம்இஐயின் 15 இலக்கத்தில் கடைசி இலக்கம் முன்னால் இருக்கிற 14ஐ வைத்துப் போட்ட கணக்கு, பொய் எண் அங்கே உதைக்கும். அதனால் செத்துப்போன நோக்கியாக்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தோம். பின்மூடியைக் கழற்றி, பாட்டரியை எடுத்தால் அடியில் ஸ்டிக்கர். அதைப் பார்த்து அடிப்பது என் வேலை. முதல் வாரம் ஒரு ஸ்டிக்கருக்கு ஒரு போன் என்று ஒழுங்காகத்தான் செய்தேன். கூட்டம் ஏற ஏற, கைக்கு வந்த ஸ்டிக்கரையே பத்துக்கும் பன்னிரண்டுக்கும் அடித்தேன்.

காசிமேட்டில் மீன்பாடி வண்டி ஓட்டுகிற பெரியவர் ஒருத்தர் வந்தார். உள்ளங்கை முழுக்கச் செதில். போனை லுங்கியில் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். நட்சத்திரம், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் அடித்துக் காட்டினேன், எண் வந்தது. "இது இந்த போனோட நம்பர்தானே தம்பி?" என்று கேட்டார். ஆமாம் தாத்தா என்றேன்.

2020இல் மீரட்டில் ஒரே ஐஎம்இஐயில் 13,500க்கு மேல் போன்கள் ஓடுவதைப் போலீஸ் கண்டுபிடித்த செய்தி வந்ததே, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் அடித்த பன்னிரண்டில் ஒருத்தன் எங்காவது வம்பு செய்து, எண்ணைப் பிடித்துக்கொண்டு போலீஸ் வந்திருந்தால் அந்தப் பெரியவர் வீட்டுக் கதவையும் தட்டியிருக்கும். அவர் குடத்தில் மூன்று கோடு இழுத்தது நான்.

ஜூன் 12, காலை 8:00

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "இப்போது செய்தால் என்ன ஆகும்" என்று கேட்டிருக்கிறார்கள். செய்யாதீர்கள். 2017இல் ஐஎம்இஐயைத் திருத்துவதைத் தடுக்கத் தனி விதிகளே வந்தன. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று வருஷம்வரை சிறை, ஐம்பது லட்சம்வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். பழைய போன் வாங்குகிறவர்கள் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி என்று ஒரு பிரிவு. அடுத்தவருடைய மின் கையொப்பம், பாஸ்வேர்ட், வேறு ஏதாவது தனி அடையாளம், இவற்றை மோசடியாகப் பயன்படுத்தினால் தண்டனை. "அடுத்தவருடைய" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சட்டத்துக்கும் எங்கள் அம்மாவுக்கும் ஒரே இடத்தில்தான் கோபம் வருகிறது.

ஜூன் 14, இரவு 10:20

ரூட்டரில் "மேக் குளோன்" என்று ஒரு பட்டனே இருக்கிறதே, அதைக் கம்பெனிக்காரன் எதற்கு வைத்தான் என்று கேட்டவருக்கு.

பர்மா பஜாருக்குப் போவதற்கு முன்னால் ஒரு வருஷம் கேபிள் நெட் வேலை பார்த்தேன். கேபிள்காரர் முதலில் வந்து கனெக்‌ஷன் கொடுக்கும்போது வீட்டு கம்ப்யூட்டரின் மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு போவார். அந்த முகவரிக்குத்தான் நெட் வரும். பிறகு நீங்கள் ரூட்டர் வாங்கினால் அதற்கு வேறு முகவரி, நெட் வராது. ஆபீஸுக்குப் போன் செய்தால் "ஆள் வருவான்" என்பார்கள். ஆள் வருவதற்குள் பொங்கல் வந்துவிடும். பட்டனை அமுக்கினால் ரூட்டர் "நான்தான் அந்தக் கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிடும். நூறு வீட்டிலாவது அமுக்கியிருப்பேன். உன் சொந்தக் கம்ப்யூட்டர் எண்ணை உன் சொந்த ரூட்டருக்குப் போடுகிறாய், இதில் யார் குடி கெட்டது?

இவ்வளவும் எழுதிய பிறகுதான் உறைக்கிறது. கேபிள்காரர் முகவரியைக் குறித்துக்கொண்டு போனதே ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பதற்காகத்தான். ரூட்டர் வந்ததும் மாடி வீடு, பக்கத்து வீடு என்று அஞ்சு பேர் ஒரே காசில் ஓட்டினார்கள். "சொன்னவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று பார்" என்று 8ஆம் தேதி உங்களுக்குச் சொன்னேனே, அந்தக் கணக்கில் நானும்தான் மாட்டுகிறேன். அப்போது எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. கேபிள்காரரை யாருக்கும் பிடிக்காது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். நல்ல காரணம் இல்லை.

ஜூன் 19, இரவு 11:55

இன்று நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

கொருக்குப்பேட்டையில் நான் வைஃபை போட்டுக் கொடுத்த ஒரு படிப்பகம். (கேள்வி கேட்ட தங்கச்சியுடையது இல்லை.) ஓனர் போன் செய்தார்: "தம்பி, பதினெட்டு சேர்தான் போட்டிருக்கேன், நாப்பத்தோரு டிவைஸ் காட்டுது. யாரோ வெளையாடறாங்க. வந்து பாரு." போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது, ஒரு சரக்கு ரயில், அப்புறம் ஒரு யூனிட் ரயில், அப்புறம் இன்னொரு சரக்கு. இருபத்தஞ்சு நிமிஷம் வெயிலில் நின்றுவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன்.

லிஸ்ட்டைத் திறந்தேன். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இந்த நாலில் ஒன்றாக இருந்தால் அது கம்பெனி போட்ட எண் இல்லை, கருவி தானே போட்டுக்கொண்டது. அப்படி முப்பத்துக்கு மேல் இருந்தன. பெரும்பாலும் போன்கள், அதில் விசேஷமில்லை. பக்கத்தில் கருவியின் பெயர் என்று ஒரு பத்தி உண்டு. லேப்டாப் நெட்டுக்குள் வரும்போது முகவரியோடு தன் பெயரையும் சொல்லிவிடும், பல பேருக்கு இது தெரியாது. "அக்கவுண்ட்ஸ்-03" என்ற பெயர் நாலு தடவை இருந்தது. ஒரே நாள், நாலு முகவரி, ஒவ்வொன்றிலும் சரியாக அறுபது நிமிஷம்.

படிப்பகத்தில் யாருக்கு அக்கவுண்ட்ஸ்? தலையைத் தூக்கினேன். ஜன்னல் ஓரம், மூன்றாவது வரிசை, ஒரு பையன். லேப்டாப் மூடியில் ஏதோ ஒரு ஆபீஸின் பார்கோடு ஸ்டிக்கர், பாதி சுரண்டியது. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியதாக இருக்கும். காலடியில் டிபன் கேரியர். மேலே கட்டம்போட்ட சட்டை, உள்ளே ஏதோ கம்பெனி யூனிபாரத்தின் நீலக் காலர் தெரிந்தது. நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறான். முகவரியை நாலு தடவை மாற்றத் தெரிந்தவனுக்குப் பழைய முதலாளி வைத்த பெயரை எடுக்கத் தோன்றவில்லை.

ஓனர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். "யாருன்னு தெரிஞ்சுதா?"

பெயர்ப் பத்தி ஸ்க்ரீனை விட்டுப் போகிற மாதிரி லிஸ்ட்டை இழுத்துவிட்டேன். "தெரியாதுண்ணா. இப்பல்லாம் போனே மாத்திக்குது."

ஜூன் 20, காலை 6:45

தூக்கம் வரவில்லை. 8ஆம் தேதி பாதி உண்மை என்று நான் ஒதுக்கிய அதே வாதத்தை எடுத்து, எனக்குக் கூலி கொடுக்கிறவரிடமே சொல்லியிருக்கிறேன்.

அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை. போன வருஷம் ஒரு பெண்ணால் பணம் கட்ட முடியாமல் போனபோது பரீட்சை முடிகிறவரை சும்மா உட்கார விட்டவர். பையனைக் காட்டியிருந்தால் துரத்தியிருப்பாரா, "டேய், கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்று திட்டிவிட்டு விட்டிருப்பாரா? இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த வாய்ப்பை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

எதற்காகச் செய்தேன் என்றும் தெரியவில்லை. அந்த நீலக் காலராக இருக்கலாம். காசிமேட்டுப் பெரியவருக்குச் சேர வேண்டியதை இந்தப் பையனிடம் கொடுத்தேனோ என்னவோ.

ஜூன் 20, மாலை 5:30

ஆரன் ஸ்வார்ட்ஸ் கதையை ஒருத்தர் நினைவுபடுத்தியிருக்கிறார். 2010இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக நெட்வொர்க் வழியாக ஜேஸ்டோர் என்ற இணையக் களஞ்சியத்திலிருந்து ஆய்வுக் கட்டுரைகளை லட்சக்கணக்கில் இறக்கியவர். லேப்டாப்பைத் தடுத்ததும் மேக் முகவரியை மாற்றி மறுபடி நுழைந்தார் என்பது குற்றப்பத்திரிகையிலேயே இருக்கிறது. விருந்தினராகப் பதிந்த பெயர் "கேரி ஹோஸ்ட்". கருவியின் பெயராகச் சொன்னது "கோஸ்ட் லேப்டாப்", அதாவது பேய் லேப்டாப். இவர் கருவியின் பெயரையும் மறக்காமல் மாற்றியவர். 2013 ஜனவரியில், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 26 வயதில் தற்கொலை செய்துகொண்டார்.

மேக் முகவரியை மாற்றியதற்கெல்லாம் அப்படி ஒரு வழக்கு பொருத்தமா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? தெருவில் இரண்டு குடம் கூட வைத்தவளை ஜெயிலில் போடு என்று எங்கள் தெருவில் ஒருத்தரும் சொல்லவில்லை. அதைத்தான் சொல்ல முடியும்.

ஜூன் 22, மதியம் 12:30

திருத்தம். 9ஆம் தேதி "மேக் முகவரி ரூட்டரைத் தாண்டாது" என்று அடித்துச் சொன்னேன். ஐபிவி6 என்ற புது இணைய முகவரி முறையில் அப்படிச் சொல்ல முடியாது என்று ஒருத்தர் பிடித்துவிட்டார், அவர் சொல்வது சரி. பழைய முறையில் கருவி தன் ஐபி முகவரியைத் தானே கட்டும்போது, மேக் முகவரியை நடுவில் பிளந்து எஃப்எஃப்எஃப்ஈ என்று செருகிப் பின்பாதியாக வைத்துக்கொள்ளும். அது உலகம் பூராவும் போகும். இதற்காகவே பின்னால் தற்காலிக முகவரி முறையைக் கொண்டுவந்தார்கள், இன்றைய போனும் லேப்டாப்பும் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன. பழைய கேமரா, பிரின்டர் வகையறாக்களை நம்ப வேண்டாம்.

ஜூன் 22, இரவு 8:10

சாயங்காலம் என் மகனைக் கூட்டிக்கொண்டு காசிமேடு போயிருந்தேன். கப்பல் காட்டும் ஆப் ஒன்று வைத்திருக்கிறான். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற ஒவ்வொரு கப்பலும் ரேடியோவில் தன் பெயரையும் ஒன்பது இலக்க எண்ணையும் சொல்லிக்கொண்டே இருக்கும், ஆப் அதைப் பிடித்து வரைபடத்தில் போட்டுவிடும். நம் நாட்டுக் கப்பல் என்றால் எண் 419இல் ஆரம்பிக்கும். கொடி மாறினால் அந்த எண்ணும் மாறும். ஐஎம்ஓ எண் என்று ஏழு இலக்கத்தில் இன்னொன்று உண்டு, அது கப்பலை உடைத்து இரும்பாக்கும்வரை மாறாது.

"கப்பல் பொய் சொன்னா?" என்று கேட்டான். இருட்டில் இன்னொரு கப்பல் வந்து மோதும் என்றேன். "நம்ம போன் பொய் சொன்னா?" என்றான். மீன் வறுவல் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.

ஜூலை 3, இரவு 10:00

தங்கச்சி எழுதியிருக்கிறார்: "யோசித்தேன் அண்ணா. இப்போது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மாற்றுகிறேன்." சரி.

கொருக்குப்பேட்டை ஓனரிடம் கருவியை எண்ணுவதை விட்டுவிடலாம் என்று சொன்னேன். நாற்காலிக்கு ஒரு சீட்டு, சீட்டில் அன்றைய நுழைவு எண். ஆளுக்கு ஒரு மணிக்குப் பதில் இரண்டரை மணி, வீடியோ வேகம் மட்டும் கொஞ்சம் இறக்கி வைத்தது. ஒத்துக்கொண்டார். நேற்று போய் மாற்றிக் கொடுத்தேன். சீட்டு அச்சடிக்கிற குட்டி மெஷினைப் பார்த்து, "பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கு" என்று சிரித்தார்.

கிளம்பும்போது கல்லாவைத் திறந்துகொண்டே, "அந்த அக்கவுண்ட்ஸ்-03 பையனுக்கு ஜன்னல் ஓரத்துல சிக்னல் வரல போல, உள்ளே மாத்தி உட்கார வெச்சேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அன்னிக்கே பார்த்தேன் தம்பி. நீ எதுக்கு லிஸ்ட்டைத் தள்ளினே?"

அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை எண்ணிக் கையில் வைத்தார். வெளியே வந்து கேட்டில் நிற்கும்போது எண்ணிப் பார்த்தேன். பேசியதில் இருநூறு ரூபாய் குறைந்தது. திரும்பிப் போய்க் கேட்கவில்லை. ரயில் வர நேரமாயிற்று.